மாத்திரை போட்டுக்கொண்டு சொன்ன இரண்டு

முதுகெலும்பில் கட்டி என்று தெரிந்து மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு நடந்ததை மட்டும்தான் என்னால் எழுத முடியும். உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சில இடங்களில் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, அடித்து, திரும்பவும் எழுதியிருக்கிறேன்.

ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். என் கணவர் செந்தில் அங்கேயே ஓர் ஓட்டலில் வரவேற்பில் இருக்கிறார். எங்கள் மகள் இனியா பிறந்த ஆறு மாதத்தில் எனக்கு நடு முதுகில் வலி ஆரம்பித்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடும் இறக்கமுமாக நடக்கிற ஊரில் முதுகு வலிக்காத பெண் யார் இருக்கிறார்கள்? தைலம் தேய்த்தேன். குழந்தையை வலது இடுப்பிலிருந்து இடதுக்கு மாற்றிப் பார்த்தேன். பள்ளிக்கூட நாற்காலியில் தலையணை வைத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. படித்தவள், முன்பே போய்ப் பார்த்திருக்க வேண்டாமா என்று பின்னால் பலர் கேட்டார்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

ஒரு நாள் மாலை பள்ளியிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து என் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள்.

“டீச்சர், உங்க செருப்புங்க டீச்சர்.”

இடது கால் செருப்பு கழன்று எவ்வளவோ தூரத்துக்கு முன்பே விழுந்திருக்கிறது. வெறுங்காலோடு கருங்கல் ஜல்லியில் நடந்து வந்திருக்கிறேன். தெரியவில்லை. குனிந்து பாதத்தைத் தொட்டேன். யாரோ ஒருவருடைய பாதத்தைத் தொடுவதுபோல் இருந்தது.

சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தவர் என்னிடம் பேசாமல் செந்திலைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த வாரம் கோயம்புத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம்.

காத்திருக்கும் கூடத்தில் டோக்கன் எண்ணைத் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. பயம் என்று சொல்ல எனக்கு எதுவும் வரவில்லை. இனியாவுக்கு மதியம் பருப்புச் சாதம் ஊட்டியிருப்பார்களா, வெறும் பிஸ்கட்டைக் கொடுத்து முடித்திருப்பார்களா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். செந்தில் மூன்று முறை போய் டீ வாங்கி வந்தார். மூன்றையும் ஆற விட்டேன்.

ஊசியை உள்ளே செலுத்திக் கொஞ்சம் சதையை எடுத்துப் பரிசோதித்த பிறகு மருத்துவர் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பை மேஜை மேல் வைத்து விளக்கினார். கழுத்துக்குக் கீழே விலா எலும்புகள் சேர்கிற முள்ளெலும்புகள் பன்னிரண்டு. அதில் பதினொன்றாவதில் எனக்குக் கட்டி. அதற்கு ஜயண்ட் செல் ட்யூமர் என்று பெயர். நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் செல்கள் பெரிது பெரிதாகத் தெரியுமாம். புற்றுநோய் வகை இல்லை. ஆனால் எலும்பைக் கரைத்துக்கொண்டே போகும். அந்த எலும்பு சரிந்து தண்டுவடத்தை அழுத்தியதால்தான் என் கால் மரத்திருக்கிறது.

“எடுத்துட்டா சரியாயிடுங்களா?” என்று செந்தில் கேட்டார்.

“எடுத்துடலாம். ஆனா இது அதே எடத்துல திரும்ப வரக்கூடிய கட்டி. எல்லாருக்கும் வராது. சிலருக்கு வரும். அதனால வருஷக்கணக்குல பார்த்துட்டே இருக்கணும்.”

திரும்ப வரக்கூடியது. அன்றிலிருந்து என் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு கேள்விதான்: வருமா, வராதா?

அன்று மாலையே கவிதாவைப் பார்த்தேன். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், என்னைவிடச் சின்னவள். மருத்துவரின் ஆராய்ச்சிக் குழுவில் வேலை. இந்தக் கட்டி அதிகம் பேருக்கு வருவதில்லை. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக அறுவை சிகிச்சை செய்கிறார்கள். எதைச் செய்தால் யார் பிறகு நன்றாக நடக்கிறார்கள், யாருக்குத் திரும்ப வருகிறது என்பதை ஒவ்வொருவரையும் பல வருடம் பின்தொடர்ந்து கேட்டால்தான் சொல்ல முடியும் என்றாள். சம்மதம் என்றால் கையெழுத்துப் போட வேண்டும். எட்டுப் பக்கம்.

“முழுசும் படிக்கணும்னு இல்லீங்க்கா. நான் சொல்லிடறேன்.”

“இல்லீங்க, படிச்சே போடறேன்.”

படித்தேன். நடுவில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. பழக்கத்தில் பென்சிலால் சுழித்துவிட்டு, கோபித்துக்கொள்வார்களோ என்று அழித்தேன். இதனால் உங்களுக்கு நேரடிப் பயன் இல்லை, உங்களுக்குப் பின் வருகிறவர்களுக்கு உதவலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி எனக்குப் பிடித்தது. கையெழுத்துப் போட்டேன்.

பிறகு கேள்வித்தாள். எவ்வளவு தூரம் நடப்பீர்கள், எவ்வளவு எடை தூக்குவீர்கள், எவ்வளவு நேரம் உட்காருவீர்கள், தூக்கம் எப்படி, பயணம் எப்படி. ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தவள் தாம்பத்தியம் என்ற இடத்தில் நின்றாள். செந்தில் மின்விசிறியைப் பார்த்தார்.

“இதைத் தாண்டிடலாங்க்கா. எல்லாரும் தாண்டித்தான் போறாங்க.”

“நல்லதாப் போச்சு” என்றார் செந்தில், மின்விசிறியிடம்.

கடைசியாக வலிக்கு ஓர் எண். வலியே இல்லை என்றால் பூஜ்யம். தாங்கவே முடியாது என்றால் பத்து. “இப்ப இந்த நிமிஷத்துக்கு எத்தனைங்க?”

எட்டு என்றேன். சொன்னதும் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள், தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை அனுப்பி, கட்டிக்கு ரத்தம் போகும் வழியை அடைத்தார்கள். இல்லாவிட்டால் கட்டியைத் தொட்டதும் ரத்தம் நிற்காமல் போகுமாம். மறுநாள் காலையில் உள்ளே போனவளை இருட்டும் நேரத்தில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். பழுதான எலும்பை எடுத்துவிட்டு அங்கே ஓர் உலோகக் கூண்டு, அதற்கு மேலும் கீழும் உள்ள எலும்புகளில் திருகாணிகள், அவற்றை இணைக்கும் இரண்டு கம்பிகள்.

கண் விழித்தபோது ஒரு நர்ஸ் என் பாதத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். “தெரியுதாம்மா?” தெரிந்தது. அழ வேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை. ஐந்து நாட்கள் என்னை நானே திருப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூன்று பேர் வந்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி, மரக்கட்டையை உருட்டுவதுபோல் ஒரே சேர உருட்டிப் படுக்க வைப்பார்கள். எழுந்து நின்ற அன்று நெஞ்சிலிருந்து இடுப்புவரை கெட்டியான பெல்ட். நான்கு அடி நடந்தேன். செந்தில் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து அவருடைய அக்காவுக்கு அனுப்பினார்.

அந்த அக்காவை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். மாரமங்கலத்தில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறார்கள். இனியா அவர்களிடம்தான் இருந்தாள். காப்பீட்டு அட்டையில் வராத செலவுக்கு என்ன செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை சொல்லவில்லை. கேட்டால், “உனக்கு எதுக்கு அந்தக் கணக்கு? உன்ற கணக்க ஸ்கூல்ல போடு” என்பார்கள்.

பெல்ட்டோடு அவர்கள் வீட்டுக்குத்தான் போனேன். நான் குனியக் கூடாது, குழந்தையைத் தூக்கக் கூடாது. முதல் நாள் இனியா ஓடி வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். நங்கையா குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூடத்தில் அடுக்கியிருந்த காப்பிக்கொட்டை மூட்டைமேல் நிறுத்தினார்கள்.

“இப்ப உங்கொம்மா ஒசரம் வந்துட்டயா சாமி? கட்டிக்க. மெதுவா. இறுக்குன, மறுக்கா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க.”

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோயம்புத்தூர் போக வேண்டும். நான் செய்த தவறு இங்கேதான் இருக்கிறது. தவறு என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

மலையில் இருப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். சேலத்துக்கு இறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகள். சின்ன வயதிலிருந்தே பஸ் ஏறுவதற்கு முன் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். வாந்திக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று, பெரியவர்கள் மூட்டு வலிக்கு ஒன்று. டிக்கெட் எடுப்பதுபோல்தான் அதுவும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பயணத்துக்கு முன் வலி மாத்திரை போடலாம் என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். ஆகவே பஸ் ஏறுமுன் ஒன்று. சேலத்தில் இட்லி சாப்பிட்டதும், அடுத்த பஸ்ஸில் உட்கார வேண்டுமே என்று இன்னொன்று. நண்பகலில் கவிதா முன் போய் உட்காரும்போது என் முதுகு என்னுடையதாகவே இருக்காது.

“இப்ப இந்த நிமிஷத்துக்கு எத்தனைங்க்கா?”

“ரெண்டுங்க.”

பொய் இல்லை. அந்த நிமிடத்துக்கு இரண்டுதான். மாத்திரை எடுக்கிறீர்களா என்ற கேள்விக்குத் ‘தேவைப்படும்போது’ என்ற கட்டத்தில் குறித்தேன். அதுவும் உண்மை. எத்தனை மணிக்கு என்று தாளில் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உள்ளுக்குள் இன்னொன்றும் இருந்தது. எட்டிலிருந்து இரண்டுக்கு வந்தபோது கவிதா முகம் மலர்ந்தது. நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையைப்போல் நான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த முறை மூன்று என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஒரு வருடம் நன்றாகத்தான் போனது. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. மருத்துவர், இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் போதும், நடுவில் கேள்வித்தாளுக்கு மட்டும் வாருங்கள் என்றார். அந்த வருடம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நங்கையாவோடு மேலே நடந்து போனேன். இறங்கிய இரண்டாம் நாள் முதுகு வலித்தது. நடந்ததால்தான் என்று நினைத்தேன். பிறகு துணி துவைத்ததால். பிறகு பரீட்சைத் தாள் திருத்த நெடுநேரம் உட்கார்ந்ததால். ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கிடைத்தது. அதற்கிடையே ஒருமுறை கோயம்புத்தூர் போய் வந்தேன். இரண்டு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஸ்கேனுக்கும் கேள்வித்தாளுக்கும் போக வேண்டிய வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். வர முடியாது என்று கவிதாவுக்குச் செய்தி அனுப்பினேன். “பரவால்லீங்க்கா, ஸ்கேன் அப்புறம் எடுத்துக்கலாம், கேள்விய போன்லயே கேட்டுக்கறேன்” என்று அவளே கூப்பிட்டாள்.

பயணம் இல்லை. அதனால் மாத்திரையும் போட்டிருக்கவில்லை. அப்போதும் நாங்கள் தங்கியிருந்த நங்கையா வீட்டு அடுப்படியில் ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். நடை, தூக்கம், எடை எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசிக் கேள்விக்கு வந்தாள்.

“ஆறு” என்றேன். வாயில் அப்படியே வந்துவிட்டது.

“ஆறுங்களா? போன தடவை ரெண்டுன்னு இருக்குதுங்க்கா.”

“இல்ல, நின்னுட்டே இருக்கறன், அதனால இருக்கும். நாலுன்னு போட்டுக்குங்க.”

“அக்கா, இது என்ன தக்காளியா? பேரம் பேசறீங்க. ஆறா, நாலா?”

கூடத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த நங்கையா தலையைத் தூக்கி, “ஆறுன்னு சொல்லு கண்ணு. ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்கறத நான் பார்க்கலீன்னு நெனச்சயா?” என்றார்கள்.

“யாருங்க்கா அது?”

“எங்க நங்கையாங்க.”

“அவங்க சொல்றத எழுதிக்கவா?”

அப்போதுதான் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். பஸ்ஸுக்கு முன் ஒன்று, சேலத்தில் ஒன்று என்று. சொல்லச் சொல்ல என் தவறு எனக்கே கேட்டது. பிறகு கவிதா வேறு குரலில், “எல்லாத் தடவையுமாங்க்கா?” என்றாள்.

“எல்லாத் தடவையும்.”

“எப்பத்துல இருந்து இந்த ஆறு?”

“திருவிழாவுக்கு அப்புறம்.”

அன்று மாலையே மருத்துவரே பேசினார். பாதை திறந்ததும் வரச் சொன்னார். நான்காம் நாள் போனோம். ஸ்கேன் படத்தில் கூண்டின் ஓரத்தில், இடது பக்கம், உளுந்து அளவில் ஒரு நிழலைப் பேனா முனையால் காட்டினார். திரும்ப வந்திருந்தது.

செந்தில் என் கையைப் பிடித்தார். அந்தக் கை எனக்குக் கனமாக இருந்தது என்பது மட்டும்தான் தெரிந்தது. நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“அன்னிக்கே ஆறுன்னு சொல்லியிருந்தா, சின்னதா இருக்கும்போதே தெரிஞ்சிருக்குங்களா டாக்டர்?”

தேறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “தெரிஞ்சிருக்கலாம். சொல்ல முடியாது. ஸ்கேன் சீக்கிரம் எடுத்திருப்பேன், அது மட்டும் நிச்சயம்” என்றார். அந்தப் பதிலுக்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அப்போது வெளியே வந்து நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டோக்கன் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன.

“நீ சொல்லலைன்னா நானாவது கவனிச்சிருக்கோணும்” என்றார் செந்தில்.

“உங்ககிட்டயும் நான் நல்லாத்தான் இருக்குதுன்னு சொன்னனுங்க.”

“அதான். ஓட்டலுக்கு வர்றவங்ககிட்டக் கேக்கற மாதிரியே கேட்டுட்டுப் போயிட்டேன்.”

இந்த முறை உடனே அறுவை சிகிச்சை இல்லை. முதலில் சில மாதங்கள் ஊசி. எலும்பைக் கரைக்கும் செல்களை அது அடக்கி வைக்கும். கட்டி இறுகி எடுப்பதற்கு எளிதாகும். ஊசி போடும் காலத்தில் பல் பிடுங்கக் கூடாது, சுண்ணாம்புச் சத்து மாத்திரை தவறக் கூடாது, கர்ப்பம் ஆகக் கூடாது. கடைசியைச் சொன்னபோது செந்தில் தலையாட்டினார். இரண்டாவது குழந்தையைப் பற்றி நாங்கள் அதற்குப் பிறகு பேசவில்லை. பிறகு இரண்டாவது அறுவை சிகிச்சை, முதலாவதைவிடச் சின்னது. அந்த வாரம் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. நான் அங்கே இருந்தேன், உருட்டினார்கள், திரும்பினேன்.

படுக்கையில் இருந்தபோது கவிதாவிடம் பழைய தாள்களில் உள்ள இரண்டுகளை எல்லாம் திருத்தித் தரட்டுமா என்று கேட்டேன்.

“திருத்தக் கூடாதுங்க்கா. அன்னிக்கு நீங்க சொன்னது அதுதான். வேணும்னா கீழ குறிப்பு எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

ஐந்து தாள்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே வாக்கியத்தை எழுதினேன்: ‘வலி மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டு வந்து சொன்ன எண்.’ என்னைப் பார்க்க வந்திருந்த நங்கையா அதைக் கண்டு, “டீச்சரம்மாவுக்குப் படுக்கையிலயும் எம்போசிஷனா?” என்றார்கள். கவிதா இப்போது எல்லோரிடமும் கடைசியாக மாத்திரை போட்டது எத்தனை மணிக்கு என்று கேட்கிறாள். இன்னொருவரும் மருத்துவமனைக்கு வரும் நாளில் என்னைப்போலவே மாத்திரை போட்டுக்கொண்டு வந்தாராம். அவர் மலைக்காரர் இல்லை, தூரத்து ஊர்க்காரர்.

போன மாதம், இரண்டாவது அறுவை சிகிச்சைக்குப் பிறகான ஆறாவது மாத ஸ்கேன். காலையில் பஸ் ஏறும்போது செந்தில் மாத்திரை அட்டையை நீட்டினார். வேண்டாம் என்றேன்.

“வலிக்குமேம்மா.”

“வலிக்கட்டுங்க. எத்தனைன்னு பார்க்கோணும்.”

பத்தாவது வளைவுவரை உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்காரச் சொல்லி எழுந்தவரிடம் நன்றி சொல்லி அவரையே உட்கார வைத்தேன். சேலத்தில் இட்லி இறங்கவில்லை. கோயம்புத்தூரில் முதலில் ஸ்கேன், பிறகு கவிதா.

“இப்ப இந்த நிமிஷத்துக்கு?”

ஏழு என்றேன். அவள் எழுதினாள். பேனா கொஞ்சம் மெதுவாகப் போனது. செந்தில் எழுந்து வெளியே போய்விட்டார். ஆறுக்கே உளுந்து அளவு என்றால் ஏழுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படிக் கணக்குப் போட முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போட்டேன்.

செந்தில் திரும்பி வந்ததும் மருத்துவர் அறைக்குப் போனோம். அவர் படத்தை நீண்ட நேரம் பார்த்தார். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“அந்த எடம் சுத்தமா இருக்கு. ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணுமே இல்லீங்களா?”

“ஒண்ணுமே இல்ல.”

“அப்ப இந்த ஏழு எதுங்க டாக்டர்?”

“ரெண்டு ஆபரேஷன் பண்ணின முதுகும்மா அது. வெட்டின சதை இருக்கு, கம்பி இருக்கு. அதோட ஆறு மணி நேரம் பஸ்ல வந்திருக்கீங்க. அது வலிக்கத்தான் செய்யும். நாளைக்கு வேற மாதிரி வலிச்சா அதையும் சொல்லுங்க. எண்ணைப் பார்த்துப் பயப்படாதீங்க, குறைச்சும் சொல்லாதீங்க.”

சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. அடுத்த ஸ்கேன்வரை அதே கேள்வி கூடவே வரும் என்பதும் தெரிந்தது. செந்தில் நங்கையாவைப் போனில் பிடித்து, “இல்லியாமா அக்கா, இல்லியாமா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கவிதா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். மேலே ஏறுகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. மாத்திரையை அப்போதுதான் போட்டுக்கொண்டேன்.